காய்ச்சல் வராதவளின் ஸ்டூல்

ரவிக்கையின் தையல்தான் முதலில் கடித்தது. வலது தோளில், கையும் உடம்பும் சேரும் இடத்தில், உள்பக்கமாக ஓடும் சாதாரணத் தையல். பழைய ரவிக்கை. துவைத்துத் துவைத்துத் துணி இளகிப் பூப்போல ஆகிவிட்ட ரவிக்கை. அன்று காலை அது என் தோளைக் கடித்தது. எறும்பு என்று நினைத்து அவிழ்த்து உதறினேன். ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தேன். எதுவும் இல்லை. மறுபடி போட்டேன், மறுபடி கடித்தது.

"தையக்காரன மாத்து," என்றார் வீட்டுக்காரர், கண்ணாடியில் தலை வாரிக்கொண்டே.

மாற்றினேன். புதுத் தையல்காரரின் ரவிக்கையும் கடித்தது.

அப்புறம் வளையல். மணிக்கட்டு எலும்பில் அது வந்து மோதும்போதெல்லாம் யாரோ கரண்டிக் காம்பால் தட்டுவதுபோல் இருந்தது. கழற்றி ஆணியில் மாட்டினேன். அப்புறம் குளிக்கிற தண்ணீர். சொம்பிலிருந்து தோளில் விழும் தண்ணீருக்கு எடை உண்டு என்று முப்பத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன். அதற்குமுன் அது வெறும் தண்ணீராக இருந்தது. விழும், ஓடும், போய்விடும். இப்போது ஒவ்வொரு சொம்பும் தோளில் வந்து உட்கார்ந்தது.

வரிசையாக எழுதும்போது எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள் போலத் தெரிகின்றன. அன்று அப்படித் தெரியவில்லை. வளையலுக்கும் தண்ணீருக்கும் நடுவே மூன்று மாதம். அந்த மூன்று மாதத்திலும் நல்ல நாட்கள் இருந்தன. நல்ல நாளில் கெட்ட நாளை யார் நினைக்கிறார்கள்? எட்டு மணி நேரம் தூங்குவேன். எழும்போது என்னை வைத்து யாரோ ராத்திரி முழுக்க மூட்டை தூக்கியதுபோல் இருக்கும். சரி, வேலை அதிகம் என்று நினைப்பேன். வெயில் என்று நினைப்பேன். மழை வந்தால் மழை என்று நினைப்பேன்.

வேலை, நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில். வீடு சாரம் பகுதியில், பதினோரு வீடு உள்ள ஒரு சந்தில். அப்பா மில்லில் தறி ஓட்டியவர். மில் படுத்தபின் சந்தில் ஆளுக்கொரு வேலைக்குப் போனார்கள்; நான் சேலை விற்கப் போனேன். கல்யாணத்துக்குப் பிறகும் அதே கடை, அதே சேலைப் பிரிவு.

ஜவுளிக்கடையில் விற்கிற பெண்கள் உட்காரக் கூடாது. எங்கும் எழுதி ஒட்டவில்லை. உட்கார ஒன்றும் கிடையாது, அவ்வளவுதான். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் மத்தியானம் குடோனில் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் இருபது நிமிஷம் தவிர, கடை மூடும்வரை நிற்பதுதான். ஒரு சேலையைப் பிரிக்க ஒரு வீச்சு போதும். மடிக்க ஓரத்தோடு ஓரம் சேர்த்து, உதறி, தடவி, மறுபடி பாதியாக்கி, தோளுயரம் தூக்கி, தட்டி, அடுக்க வேண்டும். வாடிக்கையாளர் எழுந்துபோனபின் கவுன்ட்டர்மேல் ஐம்பது சேலை குவிந்து கிடக்கும். ஐம்பதையும் மடிக்க என் கைகள்தான்.

அடுத்த கவுன்ட்டரில், பட்டுப் பிரிவில், கனகசெட்டிக்குளத்திலிருந்து வருகிற அக்கா. மீன்பிடிக் குடும்பம். கடையில் பதினேழு வருஷம். சில நாள் இருவரும் ஒரே பஸ்; அதிலும் நின்றுகொண்டேதான் வருவாள். சீட்டு காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள். கேட்டால், "உக்காந்தா அப்புறம் எழுந்துக்க மனசு வராதுடி," என்பாள். அதை நான் ஒரு வீராப்பு என்றே எடுத்துக்கொண்டேன். நான் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டால் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"என்னா ராணியம்மா, இன்னிக்கு எங்க வலி? கிரீடம் வெக்கிற எடமா?"

"இல்லக்கா, முதுகுல."

"முதுகா? நேத்து முட்டின்ன. முந்தாநாளு கழுத்துன்ன. வலிக்குப் பஸ் பாஸ் எடுத்துக் குடுத்திருக்கியா, ஊர் சுத்துது?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கேட்க நன்றாகத்தான் இருக்கும். உண்மையும் அதுதான்: வலி ஊர் சுத்தியது. ஓர் இடத்தில் நின்றிருந்தால் யாராவது நம்பியிருப்பார்கள்.

ஒரு நாள் பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பத்து அம்மா சேலை எடுக்க வந்தார். அறுபது சேலை பிரித்தாகிவிட்டது. ஒன்றைக் காட்டி, "இதுல என்ன விசேஷம்?" என்று கேட்டார். அதன் முந்தானை அழகானது. முந்தானை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. பொருள் கண்முன்னால் கிடக்கிறது, தங்கச் சரிகையோடு. பேர் இல்லை. "இதோட... கடைசி... தொங்குறது இருக்குது பாருங்க," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "முந்தானையைச் சொல்றியா? நான் இருபது வருஷமா பாரிஸ்ல இருக்கேன். எனக்கே மறக்கல. உனக்கென்ன வந்துச்சு?"

பட்டுப் பிரிவு சிரித்தது. நான் குனிந்து மடித்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வருஷமாகச் சேலை விற்பவளுக்கு முந்தானை தொலைந்துபோயிற்று. வலியைவிட அதற்குத்தான் அதிகம் பயந்தேன். வலிக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. நினைக்க எனக்கு என்ன வழி இருந்தது?

தெருமுனை கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். எல்லாம் நார்மல். "ஒண்ணுமில்லம்மா, சந்தோஷமா வீட்டுக்குப் போங்க," என்றார் டாக்டர். வீட்டுக்குப் போனேன். சந்தோஷம்தான் வரவில்லை. "அதான் ஒண்ணுமில்லன்னுட்டாங்களே," என்றார் வீட்டுக்காரர். அதில் கோபம் இல்லை, நிம்மதி இருந்தது. அன்றிலிருந்து வலி என்ற சொல்லை நான் வீட்டில் எடுக்கவில்லை.

இப்படி இரண்டு வருஷம்.

பிறகு ஊருக்குச் சிக்குன்குனியா வந்தது.

அந்த ஆடி மாதத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். சந்தில் பதினோரு வீட்டிலும் பாய் விரித்திருந்தது. குழாயடியில் குடம் தூக்க ஆளில்லை. படுத்து எழுந்தவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். படியில் பக்கவாட்டில் இறங்கினார்கள். சீப்பைப் பிடிக்க முடியாமல் தலை விரித்துப் போட்டிருந்தார்கள். முதுகு நிமிராத ஆண்கள் டீக்கடைக்கு முன்னால் கேள்விக்குறிகளாக நின்றார்கள். நான் வேலைக்குப் போகும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாரும் என்னைப்போல நடந்தார்கள். இரண்டு வருஷமாக நான் மறைத்து மறைத்து நடந்த அதே நடை, வெட்ட வெளிச்சத்தில், ஊர் முழுக்க. அதற்கு ஒரு பேர் இருந்தது. பேப்பரில் வந்தது. ஒருவரை ஒருவர் நிறுத்தி விசாரித்துக்கொண்டார்கள்.

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எனக்கு அது திருவிழா மாதிரி இருந்தது.

வீட்டுக்காரர் ஒரு பேக்கரியிலிருந்து டீக்கடைகளுக்கு ரொட்டி போடுகிறவர். மொபெட்டில் பின்னால் தகரப்பெட்டி. அவரும் விழுந்தார். ஏழு நாள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. கஞ்சி வைத்தேன், துணி நனைத்துப் போட்டேன், தூக்கி உட்கார வைத்தேன். எட்டாம் நாள் காலை அவர் தானாக எழுந்து உட்கார்ந்தார். நான் கொல்லைப் படியில் சுவரைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குவதைப் பார்த்தார்.

"உனக்கும் வந்துடுச்சா?"

இரண்டு வருஷமாக யாராவது ஒரு முறை கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கேட்ட கேள்வி வேறு. ஆனால் முகம் நான் காத்திருந்த முகம்.

"ஆமா," என்றேன்.

"எப்போ?"

"நீங்க கெடந்தப்பவே."

அவர் கண் கலங்கியது. "காய்ச்சலோடவா எனக்குக் கஞ்சி வெச்ச?"

நான் பதில் சொல்லவில்லை. ஆமா என்றது ஒரு பொய். சும்மா இருந்தது அதைவிடப் பெரிய பொய்.

அடுத்த நாளிலிருந்து கஷாயம். ரொட்டி போட்டுவிட்டு ஏழு மணிக்கு வருவார். நிலவேம்பைப் போட்டு, சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து என் முன்னால் நிற்பார், குடித்து முடிக்கும்வரை. கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவர் அடுப்பு பற்றவைத்து நான் பார்த்ததில்லை. அந்தக் கசப்பு நாக்கில் மத்தியானம்வரை இருக்கும். ஒரு நாளும் மிச்சம் வைக்கவில்லை.

கடையில் முதலாளிக்கும் வந்திருந்தது. பத்து நாள் கழித்து வந்து கல்லாவில் உட்கார்ந்தவர், எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. மறுநாள் ஐந்து நீல பிளாஸ்டிக் ஸ்டூல் வந்து இறங்கியது.

"காய்ச்சல் வந்தவங்க மட்டும் உக்காரலாம்," என்றார். "கஸ்டமர் வந்தா எழுந்துக்கணும்."

ஆறு பேருக்குக் காய்ச்சல் வந்திருந்தது, அதே பொய்யைக் கடையிலும் சொல்லியிருந்த என்னைச் சேர்த்து. ஸ்டூல் ஐந்து. பட்டுப் பிரிவு அக்காவுக்கும் காய்ச்சல் வந்தது, உண்மையாகவே. அவள் ஸ்டூலைத் தொடவில்லை. "நமக்கு ஒத்துக்காது," என்று சொல்லி நின்றாள். எனக்கு ஒன்று கிடைத்தது. முதல் நாள் அதில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். பதினைந்து வருஷத்தில் கடைக்குள் முதன்முதலாக உட்கார்ந்தேன், பொய் சொல்லி.

அந்த மாதங்களில் நாங்கள் பேசிய பேச்சு! எந்த விரல், எந்த முட்டி, காலையில் எத்தனை நேரம் பிடித்துக்கொள்கிறது, சாவியைத் திருப்ப முடிகிறதா. நான் ஒரு வார்த்தைகூடக் கற்பனையாகச் சொல்லவில்லை. எல்லாம் என் சொந்த வலி. காய்ச்சல் மட்டும் கடன் வாங்கியது.

ஆனால் அவர்களுக்குக் குணமாகிவிட்டது. எனக்கு அது உறைக்கவே சில நாள் பிடித்தது. தீபாவளிக்குப் புடவை எடுக்க வந்த சந்துக்காரி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்து போனாள். கார்த்திகையில் இரண்டு ஸ்டூல் குடோனுக்குப் போயின. தையில் இன்னும் இரண்டு. மாசியில் என் ஸ்டூல் மட்டும் கடை நடுவில் தனியாக, நீலமாக, ஊர் முழுக்கத் தெரியும்படி.

"இன்னுமா?" என்றார்கள் முதலில். பிறகு "இன்னுமாடி?" என்றார்கள். பிறகு கேட்கவில்லை.

அக்கா மட்டும் விடவில்லை. "எங்களுக்கெல்லாம் கொசு கடிச்சுது. இவளுக்கு யானை கடிச்சுது போல."

பங்குனியில் முதலாளி கூப்பிட்டார். நல்ல மனுஷர், சங்கடத்தோடுதான் பேசினார். "தப்பா நெனச்சுக்காத. மத்தவங்க கேக்குறாங்க. டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துடு. சிக்குன்குனியாதான்னு எழுதியிருந்தா போதும். நீ எத்தினி வருஷம் வேணா உக்காந்துக்க. லெட்டர் இல்லன்னா ஸ்டூலை உள்ள வெச்சிடணும்."

அந்த ஸ்டூல் போனால் வேலை போய்விடும். எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. இனி ஒரு நாள் முழுக்க என்னால் நிற்க முடியாது.

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடை விடுமுறை நாளில் போனோம். வீட்டுக்காரர் மத்தியான ரொட்டியை வேறு ஆளிடம் விட்டுவிட்டு மொபெட்டில் கூட்டிப்போனார். விழுப்புரம், திண்டிவனம் பஸ்களிலிருந்து இறங்கியவர்களின் கூட்டத்தில் நின்று ரத்தம் கொடுத்தேன். அடுத்த வாரம் முடிவுக்கு வரச்சொன்னார்கள். வந்தோம். என்னைவிட வயதில் சின்ன டாக்டரம்மா. தாளைப் புரட்டினார்.

"காய்ச்சல் எப்ப வந்துச்சு?"

எனக்குமுன் வீட்டுக்காரர் சொன்னார். "ஆடி மாசம் மேடம். நான் கெடந்தேன். அதே வாரம் இவளுக்கும். காய்ச்சலோடதான் என்னைப் பாத்துக்கிட்டா." அதில் ஒரு பெருமை இருந்தது. அந்தக் கதையை அவர் டீக்கடை டீக்கடையாகச் சொல்லியிருக்கிறார்.

டாக்டரம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "சிக்குன்குனியா வந்து போனா ரத்தத்துல அடையாளம் இருக்கணும். உங்க ரத்தத்துல இல்ல. காய்ச்சல் வந்துச்சா, நீங்க சொல்லுங்க."

மேஜைமேல் ஒரு கண்ணாடிக் குண்டு, காகிதம் பறக்காமல் இருக்க. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் ரத்தம் எனக்கு முன்னால் போய், யாரும் கேட்காமல், எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. பக்கத்தில் அவர் என் பக்கம் திரும்புவது மட்டும் தெரிந்தது.

"வரல," என்றேன்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ரவிக்கைத் தையல். வளையல். தண்ணீரின் எடை. தூங்கினாலும் தூங்காத உடம்பு. தொலைந்த முந்தானை. டியூப்லைட் வெளிச்சம் கண்ணுக்குள் குத்துவது, பக்கத்து வீட்டு மிளகாய் வறுபடும் நெடியில் தலை பிளப்பது. பைத்தியக்காரியின் பட்டியல் மாதிரி இருந்தது எனக்கே. டாக்டரம்மா எழுதிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நிறுத்தி, "முந்தானை மறந்தது எப்ப? வலி ஆரம்பிச்சதுக்கு அப்புறமா?" என்று கேட்டார். முந்தானையையும் அவர் எழுதிக்கொண்டதைப் பார்த்து ஆடிப்போனேன்.

பிறகு ஸ்க்ரீனுக்குப் பின்னால் அழைத்து, வீட்டுக்காரரையும் உள்ளே வரச்சொன்னார். கட்டைவிரலால் அழுத்த ஆரம்பித்தார். பெரிதாக ஒன்றுமில்லை, நகம் வெளுக்கிற அளவு. பிடரிக்குக் கீழே. தோள் சரிவில். மார்புக்கு மேலே, எலும்பு ஓரம். முழங்கைக்குச் சற்றுக் கீழே. இடுப்பின் பக்கவாட்டில். முட்டியின் உள்பக்கம். அநேகமாக ஒவ்வொரு இடத்திலும் என் உடம்பு தானாகத் துள்ளியது. என்னிடம் அப்படி இடங்கள் இருப்பது எனக்கே தெரியாது. டாக்டரம்மா முன்பே வந்து குறித்து வைத்ததுபோல் நேராக அங்கே போனார்.

பிறகு நெற்றியில் அழுத்தினார். வலிக்கவில்லை. என் கட்டைவிரல் நகத்தில் அழுத்தினார். அதுவும் வலிக்கவில்லை. மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். வலிக்கிறது என்று சொல்லிவிடலாமா? இனிமேல் முடியாது. "இங்க இல்ல," என்றேன்.

"இங்க இருக்காதுன்னு தெரிஞ்சுதான் அழுத்தினேன்," என்றார்.

அவர் ஒரு பேர் சொன்னார். ஃபைப்ரோமயால்ஜியா. அழுத்திப் பார்க்கிற பதினெட்டு இடத்தில் பதினான்கில் வலி. மூட்டில் கோளாறு இல்லை, அதனால் எக்ஸ்ரேயில் வராது, ரத்தத்தில் வராது. வலியை உணர்கிற பாதைகளே தேவைக்குமேல் முழித்துக்கொண்டு இருக்கின்றன. அதனால் துணி உரசினாலும் அடியாகப் படும். தூக்கமும் கெடும், ஞாபகமும் கெடும். "இது நடிப்பு இல்ல," என்றார், வீட்டுக்காரரைப் பார்த்து. முழுசாகப் போகாது, மாத்திரை உண்டு, மெதுவாக நடக்க வேண்டும், தூக்கத்தைச் சரிசெய்ய வேண்டும் என்றார்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்தார். மில்லிலிருந்து வந்து சோற்றுக்கு உட்கார்ந்தும் தறி ஓடிக்கொண்டே இருக்கும் அவர் காதில். எங்களிடம் கத்திக் கத்திப் பேசுவார். சங்கு ஊதித் தறி நின்று மணிக்கணக்காகியிருக்கும். அவருக்குமட்டும் நிற்காது. நாங்கள் அதையும் கேலி செய்தோம்.

லெட்டரில் சிக்குன்குனியா என்று எழுத முடியுமா என்று கேட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன். "இல்லாததை எப்படிம்மா எழுதுவேன்? இருக்கறதை எழுதித் தரேன். தொடர்ந்து நிக்கக் கூடாதுன்னு எழுதறேன்."

திரும்பும்போது வீட்டுக்காரர் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தினார். நான் இறங்கினேன். வண்டி அந்தப்பக்கம் ஏறி இறங்கிக் காத்திருந்தது. நான் நடந்துபோய் ஏறிக்கொண்டேன். அப்படி நான்கு வேகத்தடை. ஒரு டீக்கடையில் நிறுத்தினார். டீ வந்தது. கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு மாசம் கஷாயம் குடிச்சியே. கசக்கலியா?"

"கசந்துது."

"பின்ன எதுக்குக் குடிச்ச?"

"நீங்க குடுத்தீங்க."

அவர் டீயை ஒரு மடக்கில் குடித்துவிட்டு கிளாஸை வைத்தார். "ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கேன். எம் பொண்டாட்டி காய்ச்சலோட என்னைத் தூக்குனான்னு."

"தூக்குனேன். வலியோட தூக்குனேன்."

அவர் எழுந்து போனார். வண்டியை உதைத்துக் கிளப்பியவர், மறுபடி அணைத்தார். திரும்பாமலே கேட்டார். "தண்ணி கூடவா வலிக்கும்?"

மறுநாள் காலை கஷாயம் இல்லை. அடுப்புமேல் குளிக்கத் தண்ணீர் வெதுவெதுப்பாக வைத்திருந்தது. பக்கத்தில் சொம்புக்குப் பதிலாகச் சின்ன டம்ளர், கஷாய டம்ளர்.

கடைக்கு லெட்டரைக் கொண்டுபோனேன். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டினார். "பேரு வாய்லயே நொழைய மாட்டேங்குது. இதுல சிக்குன்குனியா எங்க?"

"அது வரல முதலாளி. காய்ச்சலே வரல எனக்கு."

சேலை மடிக்கிற சத்தம்கூட நின்றது.

"அப்ப எட்டு மாசமா பொய் சொல்லி உக்காந்திருக்க." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏமாந்தவர் குரலில் சொன்னார். "இந்த வியாதிய நான் கேள்விப்பட்டதே இல்ல. இன்னிக்கு இதுக்கு ஸ்டூல் குடுத்தா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு பேர் எழுதிட்டு வருவீங்க." அவரே எழுந்து, இன்னும் லேசாக விந்தியபடி வந்து, என் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுபோய் குடோனில் வைத்தார்.

மத்தியானம் அந்தக் குடோனில்தான் சாப்பாடு. நான் தூக்குவாளியைத் திறக்கவில்லை. எதிரே அக்கா, மீன் குழம்பைப் பிசைந்துகொண்டு. பக்கத்தில் பில் போடும் அம்மா, எங்கள் எல்லாரிலும் மூத்தவர். டாக்டரம்மா இடம் இடமாக அழுத்திப் பார்த்ததை அவர்களிடம் சொல்லியிருந்தேன்.

"எங்கெங்கடி அமுக்குனாங்க உன் டாக்டரு?" என்றாள் அக்கா. கேலிதான். "காட்டு, நாங்களும் பாக்கறோம், அந்த அதிசயத்த."

எனக்கும் கோபம் இருந்தது. எழுந்து அவள் பின்னால் போய், தோள் சரிவில் கட்டைவிரலை வைத்து, நகம் வெளுக்கும்வரை அழுத்தினேன்.

அவள் கத்தவில்லை. பிசைந்த கை சோற்றிலேயே நின்றுவிட்டது. நான் முன்னால் வந்து பார்த்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"கையெடு," என்றாள். எடுத்துவிட்டேன் என்றேன். சற்று நேரம் மூச்சுவிட்டாள். பிறகு, "அது யாருக்கும் வலிக்கிற எடம்தான," என்றாள்.

"இல்லக்கா."

அவள் நம்பவில்லை. எச்சில் கையை வைத்துக்கொண்டு, இடது கையால் பில் போடும் அம்மாவின் தோளில் அதே இடத்தில் அழுத்தினாள். என்னைவிடப் பலமாக.

"வலிக்குதா?"

"இல்லியே," என்றார் அந்த அம்மா, சோற்றை வாயில் போட்டபடி. "இன்னும் கொஞ்சம் அமுக்கு. நல்லாருக்கு."

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. திடீரென்று விளக்கைப் போட்டதும் கூசும் கண்போல இருந்தது அது.

"அப்போ எல்லாருக்கும் வலிக்காதா?" என்றாள்.

பில் போடும் அம்மா சாப்பிடுவதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"நின்னா இப்டித்தான் இருக்கும்னு நெனச்சேன். காலைல எழுந்தா எல்லாருக்கும் இப்டித்தான்னு நெனச்சேன்டி. பிரா கொக்கி பட்டா, புள்ள வந்து மேல சாஞ்சா... எல்லாரும் பல்லக் கடிச்சிட்டுத்தான் இருக்கீங்கன்னு நெனச்சேன். நீ மட்டும் தாங்கமாட்டாம அழுவுறன்னு..."

நானாவது வலி என்று சொல்லித் திட்டு வாங்கினேன். இவளுக்கு வலி என்றால் என்னவென்றே தெரியாது. அவள் அதற்குள்ளேயே குடியிருந்தாள். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். பெரிய பையன் பிறந்ததிலிருந்து என்றாள். அவனுக்குப் பதினொன்று.

கை கழுவிவிட்டு வந்தாள். அடுக்கியிருந்த ஸ்டூல்களில் மேலே இருந்ததை எடுத்தாள். இன்னொன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். கடை நடுவில், முதலாளியின் கண்ணுக்கு நேராக, பட்டுப் பிரிவின் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். பதினேழு வருஷத்தில் அவள் உட்கார்ந்து கடையில் யாரும் பார்த்ததில்லை. முதலாளி எழுந்து நின்றேவிட்டார்.

"இன்னா இது?"

"பேரு எனக்கும் வாய்ல வரல முதலாளி. அடுத்த வாரம் எழுதி வாங்கியாறேன்."

அவர் அவளைப் பார்த்தார். ஸ்டூலோடு நிற்கும் என்னைப் பார்த்தார். அவளிடம் ஒரு பொய்யும் அவர் கண்டதில்லை. கல்லாவில் மறுபடி உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார்.

"கஸ்டமர் வந்தா எழுந்துக்கணும்," என்றார், நோட்டைப் பார்த்தபடி.

அடுத்த விடுமுறை நாளில் இருவரும் கோரிமேட்டு பஸ்ஸில் ஏறினோம். கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன்: விரலால் பிடிக்கவில்லை, முழங்கையை மடக்கிக் கொக்கி போட்டிருந்தாள். இத்தனை நாள் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் அதை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ள மனசு வராது என்று அவள் சொன்னது வீராப்பு இல்லை. எழுந்திருக்கும்போது வலிக்கும் என்பதை அவள் அப்படித்தான் சொல்லத் தெரிந்து வைத்திருந்தாள். நானே, இத்தனை பட்ட நானே, அதைக் கேட்டுச் சிரித்தவள்.

ஒரு நிறுத்தத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு சீட்டு காலியானது. இருவரும் அதைப் பார்த்தோம்.

"உக்காருக்கா," என்றேன்.

"நீ உக்காருடி," என்றாள். "உன்கிட்டதான் லெட்டர் இருக்குது."